பட்ஜெட் சமரசத்தை மூலத்திலேயே பார்க்க: காங்கிரஸ் டாட் கவ் தளம் எவ்வளவு தூரம் உதவுகிறது?

அமெரிக்க காங்கிரஸில் இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு பட்ஜெட் உடன்பாட்டை நிறைவேற்றினால், செய்திகளில் வருவது பெரும்பாலும் ஒரே வரி: இத்தனைக்கு இத்தனை வாக்குகள். யார் யாரோடு சேர்ந்தார்கள், எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள், எழுத்தில் ஏறியது எவ்வளவு, வாய்ப்பேச்சில் நின்றது எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்காது. இவற்றைத் தேடுபவர்கள் முதலில் திறக்க வேண்டிய தளம் காங்கிரஸ் டாட் கவ். காங்கிரஸ் நூலகம் நடத்துகிறது. 1995-இல் தொடங்கிய ‘தாமஸ்’ தளத்துக்கு மாற்றாக 2012-இல் சோதனை வடிவில் வந்தது. 2016-இல் தாமஸ் மூடப்பட்ட பிறகு இதுதான் எல்லாமே. படிக்கக் கணக்கு தொடங்கத் தேவையில்லை, கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எது, எப்போது, எந்த வாசகத்தோடு நிறைவேறியது என்பதற்கு இதைவிட நம்பகமான இடம் கிடையாது. ஆனால் சமரசம் எப்படி உருவானது என்பதை இந்தத் தளம் தானாகக் காட்டாது. எந்தப் பக்கத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அது தெரியும். தெரியாதவர் தவறான முடிவோடு வெளியே போகவும் வாய்ப்பு உண்டு.

முதல் சிக்கல், மசோதாவைக் கண்டுபிடிப்பது. பெரிய உடன்பாடுகள் பல நேரம் புது மசோதாவாக வருவதில்லை. இரு அவைகளுக்கும் இடையே ஏற்கெனவே பாதி வழி வந்து நிற்கும் சம்பந்தமில்லாத ஒரு மசோதாவின் உள்ளடக்கத்தை முழுவதும் எடுத்துவிட்டு, உடன்பாட்டின் வாசகத்தை அதில் வைப்பார்கள். நடைமுறைப் படிகள் சில மிச்சமாகும் என்பதுதான் காரணம். 2011-இல் அரசு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பு பற்றிய நெருக்கடியைத் தீர்த்த பட்ஜெட் கட்டுப்பாட்டுச் சட்டம் எஸ். 365 என்ற எண்ணில் வந்தது (எஸ். என்றால் செனட்டில் தொடங்கியது, எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபையில்). அது முதலில் கல்வி ஆய்வுச் சட்டம் ஒன்றில் சிறு திருத்தம் செய்ய வந்த மசோதா. 2015-இன் இருகட்சி பட்ஜெட் சட்டம் ஏறி வந்த எச்.ஆர். 1314, வரிவிலக்கு பெற்ற அமைப்புகளின் மேல்முறையீட்டு உரிமை பற்றியது. 2018-இன் சட்டத்துக்கு வாகனமான எச்.ஆர். 1892, பணியில் உயிரிழக்கும் மீட்புப் பணியாளர்களுக்காகக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது பற்றியது. 2024 மார்ச்சில் ஆறு ஒதுக்கீட்டு மசோதாக்களைச் சுமந்துவந்த எச்.ஆர். 2882, உடால் அறக்கட்டளையின் மறு அங்கீகாரத்துக்காகத் தொடங்கியது.

இதற்குத் தளம் தரும் தீர்வு ‘டைட்டில்ஸ்’ தாவல். ஒரு மசோதா எந்தக் கட்டத்தில் எந்தப் பெயரில் இருந்தது என்பது அங்கே வரிசையாக இருக்கும். சட்டத்தின் எண் தெரிந்தால் இன்னும் எளிது: 2013-இன் உடன்பாடு பொதுச் சட்டம் 113-67, 2015-இனுடையது 114-74, 2018-இனுடையது 115-123, 2019-இனுடையது 116-37, 2023-இனுடையது 118-5. முதல் எண் எத்தனையாவது காங்கிரஸ் என்பது; ஒரு காங்கிரஸின் காலம் இரண்டு ஆண்டு. அதைக் கவனிக்காவிட்டால் வேறு தவறு நேரும். மசோதா எண்கள் ஒவ்வொரு காங்கிரஸிலும் ஒன்றிலிருந்து தொடங்குவதால், எச்.ஆர். 3746 என்று மட்டும் தேடினால் இரண்டு ஆண்டுக்கு ஒன்றாகப் பல மசோதாக்கள் வரும். தேடல் பெட்டியும் பழக்கமாக நடப்பு காங்கிரஸில்தான் தேடும். பக்கத்தில் உள்ள பட்டியலில் ‘எல்லா காங்கிரஸும்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

மசோதா கிடைத்தபின் பலர் செய்வது ‘ஸ்பான்சர்’ (மசோதாவைக் கொண்டுவந்தவர்), ‘கோஸ்பான்சர்ஸ்’ (உடன் கையெழுத்திட்டவர்கள்) பெயர்களைப் பார்த்து, இது இருகட்சி மசோதாவா இல்லையா என்று முடிவு கட்டுவது. பட்ஜெட் உடன்பாடுகளில் இது உதவவே உதவாது. மேலே பார்த்ததுபோல் உடன்பாட்டைச் சுமந்துவரும் ‘வாகன மசோதா’வில் இருக்கும் ஸ்பான்சர், கொடிக்கோ அறக்கட்டளைக்கோ கையெழுத்திட்டவர். தனி மசோதாவாக வந்த 2023-இன் நிதிப் பொறுப்புச் சட்டத்திலும் ஸ்பான்சர் குடியரசுக் கட்சியின் பேட்ரிக் மெக்கென்றிதான். அந்த மசோதாவுக்குக் கிடைத்த 314 வாக்குகளில் 165 ஜனநாயகக் கட்சியினுடையவை என்பதை அந்தப் பகுதி சொல்லாது. தலைவர்கள் பேசி முடித்துக் கொண்டுவரும் மசோதாவில் கையெழுத்துப் பட்டியலுக்கு மதிப்பு குறைவு. அந்தத் தாவலை விட்டுவிட்டு நேராக ‘ஆக்‌ஷன்ஸ்’ தாவலுக்குப் போங்கள்.

இந்தத் தளத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ‘ஆல் ஆக்‌ஷன்ஸ்’ என்று தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு நடவடிக்கையும் தேதியோடு வரும். பதிவு வாக்கெடுப்பு நடந்திருந்தால் அதன் எண்ணும் இணைப்பும் சேர்ந்தே இருக்கும். அந்த நிதிப் பொறுப்புச் சட்டமான எச்.ஆர். 3746-ஐ எடுத்துக்கொள்வோம். 2023 மே 29 அன்று அறிமுகம். மே 31 அன்று பிரதிநிதிகள் சபையில் 314-க்கு 117. ஜூன் 1 இரவு செனட்டில் 63-க்கு 36. ஜூன் 3 அன்று கையெழுத்து. ஐந்தே நாள்.

ஆனால் இதில் மிக முக்கியமான ஒரு வாக்கெடுப்பு இந்த மசோதாவின் எண்ணில் நடந்ததல்ல. பிரதிநிதிகள் சபையில் இப்படிப்பட்ட மசோதாவை விவாதத்துக்கு எடுக்கவே, விவாத நேரத்தையும் திருத்தங்களையும் வரையறுக்கும் தனித் தீர்மானம் ஒன்று நிறைவேற வேண்டும். அவையில் இதை ‘ரூல்’ என்பார்கள். ரூலுக்குப் பெரும்பான்மைக் கட்சி மட்டுமே வாக்களிக்கும், எதிர்க்கட்சி எதிர்க்கும் என்பது எழுதாத வழக்கம். அன்று அதற்கான எச்.ரெஸ். 456, 241-க்கு 187 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியில் 29 பேர் எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியின் வாக்குகளை மட்டும் நம்பியிருந்தால் அது தோற்றிருக்கும். 52 ஜனநாயகக் கட்சியினர் ஆதரித்ததால் நிறைவேறியது. கட்சி எல்லையைத் தாண்டிய உண்மையான தருணம் இதுதான். இறுதி வாக்கெடுப்பில் ஆதரிப்பவருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். எதிர்க்கட்சியின் ரூலைத் தூக்கிவிடுவதற்கு முன்னமே பேசி வைத்த ஏற்பாடு தேவை. ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரீஸ் பச்சை வாக்கு அட்டையை உயர்த்திக் காட்டிய பிறகுதான் அவர் கட்சியினர் வரிசையாக வாக்களித்தார்கள். அந்தக் காட்சியைக் காண, அவை நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் தொலைக்காட்சியின் ஒளிப்பதிவுக்குத்தான் போக வேண்டும். ரூலின் எண் மசோதாவின் ‘ஆக்‌ஷன்ஸ்’ பட்டியலில் ஒரு வரியாகவும் ‘ரிலேட்டட் பில்ஸ்’ தாவலிலும் இருக்கிறது. தனித்து எடுத்துக் காட்டியிருக்க வேண்டிய விஷயம் அப்படி ஒதுங்கிக் கிடப்பது இந்தத் தளத்தின் பெரிய குறை.

வாகன மசோதாக்களில் ‘ஆக்‌ஷன்ஸ்’ படிப்பது இன்னும் சற்றுக் கடினம். 2013 டிசம்பரில் இரு அவைகளின் பட்ஜெட் குழுத் தலைவர்களான பால் ரயனும் பேட்டி மரியும் செய்துகொண்ட உடன்பாடு எச்.ஜே.ரெஸ். 59 என்ற எண்ணில் இருக்கிறது. அது அதே ஆண்டு செப்டம்பரில், 16 நாள் அரசு முடக்கத்துக்கு முன்பு, தற்காலிக ஒதுக்கீட்டுக்காக வந்த தீர்மானம். ‘பாஸ்டு ஹவுஸ்’ என்ற வரியைத் தேடினால் செப்டம்பர் வாக்கெடுப்பு வரும். உடன்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் தேட வேண்டியது, செனட் திருத்தத்தை மேலும் ஒரு திருத்தத்தோடு ஏற்கும் தீர்மானம் என்ற வரி. டிசம்பர் 12, 332-க்கு 94. வாசகத்துக்கும் அதே கதை. ‘டெக்ஸ்ட்’ தாவலில் பல பதிப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். முதல் பதிப்பைத் திறந்தால் பழைய மசோதாதான் கிடைக்கும். ‘எங்ரோஸ்டு அமெண்ட்மென்ட் ஹவுஸ்’ என்ற பதிப்பில்தான் உடன்பாடு இருக்கும். சட்டமான பிறகு ‘பப்ளிக் லா’ பதிப்பை எடுத்தால் போதும். மேலே உள்ள நிலைக்காட்டியில் ‘ரிசால்விங் டிஃபரன்சஸ்’ என்று தெரிந்தால், மசோதா இரு அவைகளுக்கிடையே திருத்தங்களாகப் போய்வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

வாக்கு விவரத்துக்கு இந்தத் தளம் உங்களை வெளியே அனுப்பும். பிரதிநிதிகள் சபை வாக்கென்றால் அந்த அவையின் பதிவுகளை வைத்திருக்கும் கிளார்க் அலுவலகத்தின் பக்கம் திறக்கும். அருமையான பக்கம்: கட்சிவாரியாக ஆதரவு, எதிர்ப்பு, வராதவர் என்று மேலேயே அட்டவணை உண்டு. அதை வைத்துச் சில நிமிடத்தில் ஒரு ஒப்பீடு செய்துவிடலாம். 2013-இல் 169 குடியரசுக் கட்சியினரும் 163 ஜனநாயகக் கட்சியினரும் ஆதரித்தார்கள், கிட்டத்தட்ட சரிபாதி. 2015 அக்டோபர் 28-இல் 266-க்கு 167. ஆதரித்ததில் 187 பேர் ஜனநாயகக் கட்சியினர், அவையை நடத்திய குடியரசுக் கட்சியிலோ 79 பேர்தான், எதிர்த்த 167 பேரும் அந்தக் கட்சியே. 2018-இல் 240-க்கு 186. ஜனநாயகக் கட்சியிலிருந்து 73 பேர் வந்திருக்காவிட்டால் தோற்றிருக்கும். 2019-இல் அவை ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தபோது 284-க்கு 149. குடியரசுக் கட்சியிலிருந்து வந்தது 65. ‘இருகட்சி உடன்பாடு’ என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வெவ்வேறு உருவங்கள் இருப்பதை எந்தச் செய்தித் தலைப்பும் சொல்லாது. 2025 நவம்பரில் 43 நாள் முடக்கத்தை முடித்த எச்.ஆர். 5371-ஐயும் இப்படிப் பாருங்கள். செனட்டில் 60-க்கு 40, அதில் எட்டு வாக்குகள் ஜனநாயக அணியினுடையவை. பிரதிநிதிகள் சபையில் 222-க்கு 209, அதில் ஜனநாயகக் கட்சியினர் ஆறே பேர்.

செனட்டின் வாக்குப் பக்கம் இந்த அளவுக்கு உதவாது. மொத்த எண்ணிக்கை இருக்கும், பெயர்கள் அகரவரிசையிலும் மாநிலவாரியாகவும் இருக்கும், பெயருக்குப் பக்கத்தில் கட்சியின் முதலெழுத்து இருக்கும். கட்சிவாரிக் கூட்டுத்தொகை கிடையாது. கையால் எண்ணினால் தவறு வரும். அதே பக்கத்தில் எக்ஸ்எம்எல் இணைப்பு ஒன்று இருக்கிறது. அதை எக்செலில் திறந்து கட்சி நெடுவரிசையில் வடிகட்டினால் வேலை முடிந்தது. சுயேச்சைகளை மறந்துவிடாதீர்கள். 2023-இல் ஆதரித்த 63-இல் குடியரசுக் கட்சியினர் 17, ஜனநாயகக் கட்சியினர் 44, சுயேச்சைகள் 2. எதிர்த்த 36-இல் இன்னொரு சுயேச்சையான பெர்னி சாண்டர்ஸும் ஒருவர். ஆட்களை அணியாக எண்ணுவதா கட்சியாக எண்ணுவதா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளாவிட்டால் எண்கள் இடிக்கும்.

செனட்டில் இறுதி வாக்கெடுப்பை மட்டும் பார்ப்பதும் பாதிக் கதை. விவாதத்தை முடித்து வாக்குக்குக் கொண்டுபோகும் குளோச்சர் தீர்மானத்துக்கு 60 வாக்குகள் தேவை. மசோதாவின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகும். 2013-இல் குளோச்சர் 67-க்கு 33. அடுத்த நாள் இறுதி வாக்கு 64-க்கு 36. குளோச்சரில் 12 குடியரசுக் கட்சியினர் துணை நின்றார்கள், இறுதியில் 9 பேர். வழியைத் திறந்துவிட்டு, மசோதாவை எதிர்த்ததாகவும் பதிவு செய்துகொண்டவர்கள் மூவர். இவர்களைக் கண்டுபிடிக்க இரண்டு வாக்கெடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. தளத்தில் அதற்கான ஒப்பீட்டு வசதி இருந்திருக்கலாம்.

இனி வாசகம். ‘டெக்ஸ்ட்’ தாவலில் தேடுவதற்கு எளிய எழுத்து வடிவமும், பக்க எண்ணோடு மேற்கோள் காட்டுவதற்குப் பிடிஎஃப் வடிவமும் நல்லது. தொகைகள் முழு எண்ணாக இருக்கும்; 100 கோடி ஒரு பில்லியன் என்று வைத்துப் படித்தால் குழப்பம் வராது. 2023-இன் சட்டத்தில் 2024 நிதியாண்டுக்குப் பாதுகாப்புத் துறைக்கு 88,634.9 கோடி டாலர், மற்றத் துறைகளுக்கு 70,365.1 கோடி டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. தெளிவான எண்கள். ஆனால் உடன்பாடு இவ்வளவுதான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். வெள்ளை மாளிகைக்கும் அப்போதைய சபாநாயகர் கெவின் மெக்கார்த்திக்கும் இடையே எழுத்தில் ஏறாத ஒப்பந்தமும் இருந்தது. வருமான வரித் துறைக்கு முன்பு ஒதுக்கியதில் சட்டம் ரத்து செய்தது 140 கோடி டாலர். வாய்மொழியாக ஒப்புக்கொண்டதோ மேலும் 2,000 கோடி. பாதுகாப்பு அல்லாத துறைகளுக்கு உச்சவரம்புக்கு மேல் சுமார் 6,900 கோடி டாலருக்கு வழி செய்யும் சரிக்கட்டல்களும் அப்படியே. 2024 ஜனவரியில் அடுத்த சபாநாயகர் மைக் ஜான்சனும் செனட் பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமரும் மொத்தத் தொகையை அறிவித்தபோது நடந்த சண்டை முழுக்க இந்த எழுதாத பகுதியைப் பற்றியது. சட்ட வாசகத்தை மட்டும் வரி வரியாகப் படித்தவருக்கு அந்தச் சண்டை ஏன் என்றே புரிந்திருக்காது. தளத்தின் தவறு இல்லை இது. இல்லாத எழுத்தை எந்தத் தளமும் காட்ட முடியாது. அதனால்தான் ஒதுக்கீட்டுச் சட்டங்கள் வரும்போது, அவை நடவடிக்கைகளின் அதிகாரப்பூர்வப் பதிவான காங்கிரஷனல் ரெக்கார்டில் சேர்க்கப்படும் விளக்க அறிக்கையையும் திறந்து பார்க்க வேண்டும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்ற அட்டவணைகள் சட்டத்தில் அல்ல, அந்த அறிக்கையில்தான் இருக்கும்.

தொகைகளின் விளைவைப் புரிந்துகொள்ள, மசோதாக்களின் செலவைக் கணக்கிடும் கட்சி சார்பற்ற காங்கிரஷனல் பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு கட்டாயம். மசோதாப் பக்கத்திலேயே இணைப்பு இருக்கும். 2023 மே 30 தேதியிட்ட மதிப்பீடு, 2033 வரை பற்றாக்குறை சுமார் 1.5 லட்சம் கோடி டாலர் குறையும் என்றது. அதில் ஏறக்குறைய 1.3 லட்சம் கோடி ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவிலிருந்து வருவது; 18,800 கோடி வட்டி மிச்சம். ஆனால் சட்டப்படி கட்டாயமான உச்சவரம்பு 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுக்குத்தான். மற்ற ஆண்டுகளின் சேமிப்பு எங்கிருந்து வந்தது? முந்தைய ஆண்டின் தொகை பணவீக்கத்தோடு சேர்ந்து வளரும் என்று அலுவலகம் கணக்கிடுகிறது. தொடக்கம் தாழ்ந்தால் பத்தாண்டுக் கோடும் தாழும். பிந்தைய காங்கிரஸ் கூடுதலாக ஒதுக்கினால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். தலைப்பில் வரும் தொகையை மேற்கோள் காட்டும் எவரும் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே ஆவணத்தில் ஒரு சிறு வரி, சமரசம் எப்படி நடக்கிறது என்பதற்கு நல்ல சான்று. உணவு உதவித் திட்டத்தில் வேலை நிபந்தனையை 54 வயதுவரை நீட்டியது குடியரசுக் கட்சி கேட்டது. முன்னாள் படைவீரர்கள், வீடற்றோர், வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வெளிவந்த இளைஞர்கள் ஆகியோருக்கு விலக்கு ஜனநாயகத் தரப்பு வாங்கியது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது செலவு குறையவில்லை. சுமார் 210 கோடி டாலர் கூடியது. இரு தரப்பும் தங்கள் ஆதரவாளர்களிடம் வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடிந்தது இப்படித்தான்.

‘சம்மரி’ தாவலை அவசரத்துக்கு நம்ப வேண்டாம். காங்கிரஸ் ஆய்வுச் சேவை எழுதும் சுருக்கம் நடுநிலையானது, தரமானது. ஆனால் தாமதமாக வரும். வாக்கெடுப்பு வாரத்தில் வாசகத்தையே முதலில் பார்க்க டாக்ஸ் டாட் ஹவுஸ் டாட் கவ் செல்லுங்கள். அந்த வாரம் அவைக்கு வரும் மசோதாக்கள் அங்கேதான் முதலில் ஏறும்.

நிறைவேறிய சட்டம் இன்றும் அப்படியே நடைமுறையில் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013-இன் உடன்பாடு, 62 வயதுக்குட்பட்ட ஓய்வுபெற்ற படைவீரர்களின் ஓய்வூதிய ஏற்றத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தது. 2014 பிப்ரவரியிலேயே பொதுச் சட்டம் 113-82, அந்த ஆண்டு ஜனவரி 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு அதை நீக்கிவிட்டது. எச்.ஜே.ரெஸ். 59 பக்கத்தின் சட்ட வாசகத்தில் இதற்கான எந்த அடையாளமும் இராது. அது கையெழுத்தான நாளின் வாசகம். இன்றைய நிலைக்கு, நடைமுறையிலுள்ள சட்டங்களின் தொகுப்பான யூஎஸ் கோட் தளத்தில் அந்தப் பிரிவைத் தேட வேண்டும்.

நிரல் எழுதுபவர்களுக்கு இலவச ஏபிஐ உண்டு, மணிக்கு 5,000 கோரிக்கை வரை. மசோதாக்களின் நடவடிக்கைப் பட்டியலை மொத்தமாக எடுக்கத் தாராளமாகப் போதும்.

மின்னஞ்சல் அறிவிப்புக்கு மட்டும் கணக்கு தொடங்க வேண்டும். மசோதாப் பக்கத்தில் ‘கெட் அலர்ட்ஸ்’ அழுத்தினால் முடிந்தது. அடுத்த முறை இரு கட்சிகளும் பட்ஜெட் பேசத் தொடங்கும்போது மசோதாவின் எண்ணோடு, அதற்கான ரூல் தீர்மானத்தின் எண்ணையும் அறிவிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். 12 வழக்கமான ஒதுக்கீட்டு மசோதாக்களும் எந்த நிலையில் நிற்கின்றன என்று காட்டும் ஆய்வுச் சேவையின் அட்டவணையையும் புத்தகக்குறி செய்து வையுங்கள். எதை எதோடு கட்டி ஒரே மூட்டையாக்கப் போகிறார்கள் என்பது அங்கே வெற்றாகக் கிடக்கும் கட்டங்களிலிருந்தே தெரிய ஆரம்பிக்கும்.